அலங்கார வெங்காயம்: முதல் ஆண்டு பூத்தது, இப்போது இலை மட்டும்

தோட்டக்காரி (ஸ்காபரோ, கனடா):
2023 ஒக்ரோபரில் ‘பேர்ப்பிள் சென்சேஷன்’ என்ற அலங்கார வெங்காயக் கிழங்குகள் இருபது நட்டேன். அடுத்த மே முடிவில் இடுப்பளவுத் தண்டில் ஊதாப் பந்துகள் நின்றன. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். யன்னலோரம் இருந்து அந்தப் பூக்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஆண்டு ஆறு மட்டுமே பூத்தன. மற்றவை வெறும் இலை. சில முளைக்கவே இல்லை. வெயில் நன்றாகப் படும் இடம். ஆனால் களிமண், மழை பெய்தால் ஒரு நாள் தண்ணீர் நிற்கும். சென்ற ஆண்டு பூத்திருக்கும்போதே இலை நுனிகள் மஞ்சளாயின. நோயென்று பயந்து எல்லா இலைகளையும் வெட்டிவிட்டேன். எங்கே பிழை விட்டேன்?

மண்வெட்டி (மிஸிசாகா):
இலையை வெட்டியதுதான் அக்கா. பூக்கும் நேரத்தில் இலை மஞ்சளாவது இதன் இயல்பு. அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைதான் கிழங்குக்குள் இறக்குகிறது. முற்றாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வரும்வரை தொடக்கூடாது. அழகில்லை என்றால் முன்வரிசையில் ஜெரேனியம் வையுங்கள், மறைத்துவிடும். இப்போது யூலை, கிண்டிப் பார்த்துச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழத்தில் நட்டீர்கள்?

தோட்டக்காரி:
நான்கு விரல் ஆழம் இருக்கும். மூன்று இடத்தில் கிண்டினேன். இரண்டில் பெரிய கிழங்கே இல்லை; சின்ன வெங்காயம் அளவில் நான்கைந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது கூழாகிவிட்டது.

உள்ளிப்பாத்தி:
அந்தக் கூழில் வெள்ளைப் பஞ்சுபோன்ற பூஞ்சணமும் கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகளும் இருந்தனவா? இருந்தால் அது வெள்ளையழுகல். பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும்; அங்கே உள்ளி, வெங்காயம், லீக்ஸ் எதையும் நடமுடியாது. முதலில் இதைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

தோட்டக்காரி:
இரண்டு முறை பார்த்தேன். பஞ்சும் இல்லை, மணியும் இல்லை. நாற்றமும் தண்ணீரும்தான்.

உள்ளிப்பாத்தி:
நல்லது, தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது. பாத்தியை ஒரு சாண் உயர்த்தி நிறையக் கூட்டெரு கலந்துவிடுங்கள். கொஞ்சம் மணலைக் களிமண்ணில் கொட்டிவிட்டு நிற்காதீர்கள், இன்னும் இறுகும். ஒக்ரோபரில் உள்ளி நடும்போதே இதையும் நடலாம். கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம், ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். குட்டிக் கிழங்குகளை எறியவேண்டாம், ஓரமாகத் தனி வரிசையில் வையுங்கள். அவை பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அம்மாவை அவ்வளவு காலம் காக்கவைக்காமல், யன்னலுக்கு நேரே பத்துப் புதிய கிழங்குகள் நடுங்கள். வாங்கும்போது அழுத்திப் பாருங்கள், மெத்தென்றிருந்தால் வேண்டாம்.