நசுக்கிய பாட்டிலும் திரும்பாத டெபாசிட்டும்

பானத்தின் விலையோடு ஒரு சிறு தொகையை டெபாசிட்டாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தரும்போது அதை அப்படியே கொடுத்துவிடும் முறையை நான் முதன்முதலில் பயன்படுத்திய அன்று, பையில் இடம் போதாதே என்று எல்லாப் பாட்டில்களையும் வீட்டிலேயே மிதித்து நசுக்கிக் கொண்டு போயிருந்தேன். இயந்திரத்தின் வட்ட வாயில் ஒன்றை வைத்தேன். உள்ளே இழுத்து இரண்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. பதினான்கில் மூன்றைத்தான் ஏற்றுக்கொண்டது. பார்கோடும் வடிவமும் சரியாகத் தெரிந்தால்தான் அது பாட்டிலை அடையாளம் காணும் என்பதையும், ஒரே பாட்டிலுக்கு இருமுறை பணம் போகக் கூடாது என்பதற்காக நசுக்கும் வேலையை அதுவே செய்துகொள்ளும் என்பதையும், எனக்குப் பின்னால் பெரிய சாக்குடன் வரிசையில் நின்றிருந்த முதியவர்தான் பொறுமையாக விளக்கினார்.

மறுவாரமும் போனேன். சுற்றுச்சூழல் அக்கறைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் முதல் நாள் இழந்த பணம் உறுத்தியது. இந்த உறுத்தல்தான் முழுத் திட்டத்தையும் தாங்கி நிற்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1971இல் இதற்குச் சட்டம் இயற்றி 5 சென்ட் டெபாசிட் நிர்ணயித்தது. விலைவாசி ஏற ஏற அந்த 5 சென்ட்டுக்காக யாரும் குனிய விரும்பாத நிலை வந்து, பாட்டில்கள் திரும்பும் விகிதம் ஏறத்தாழ 64 சதவீதத்துக்கு இறங்கியது. 2017இல் தொகையை 10 சென்ட் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே விகிதம் 80 சதவீதத்தைத் தாண்டியது. மக்கள் அதே மக்கள்தான். லிதுவேனியாவில் 2016இல் திட்டம் தொடங்கும் முன் பிளாஸ்டிக் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்குதான் சேகரிக்கப்பட்டது; இரண்டே ஆண்டுகளில் அது 90 சதவீதத்தைக் கடந்துவிட்டது. அங்கே பானம் விற்கும் கடையிலேயே திருப்பியும் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு 25 சென்ட் வாங்குகிறார்கள். ஏறக்குறைய எல்லாமே திரும்பி வருகின்றன. ஆனால் கழுவி மீண்டும் நிரப்பும் பாட்டில்களின் பங்கு அதன் பிறகு குறைந்துதான் போயிற்று. திரும்பி வருவது வேறு, மறுபடி நிரப்பப்படுவது வேறு. அலுமினிய டின்னில் இந்தக் கவலை சற்றுக் குறைவு, ஏனெனில் பழைய டின்னை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக உலோகம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 95 சதவீதம் மிச்சமாகிறது.

அந்த முதியவரை அதன்பின் பலமுறை பார்த்தேன். பிறர் வீசியதைப் பொறுக்கி வருபவர் அவர். மாலையில் இயந்திரத்தின் பெட்டி நிரம்பி நின்றுவிடும், காலையில் வாருங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நான் ஒருநாளும் பையோடு திரும்பி வந்ததில்லை.