வீட்டுக்கு வந்த வேட்பாளரிடம் சாதிக் கயிறு பற்றிக் கேட்டேன். உங்களுக்கு என்ன அனுபவம்?

நாங்குநேரிப் பக்கத்து டீச்சர்:

2021 அக்டோபர், ஊரக உள்ளாட்சித் தேர்தல் சமயம். ஆளுக்கு 4 ஓட்டு, நாலும் வேற வேற கலர் சீட்டு, தலைவருக்கு ரோஸ். தலைவருக்கு நின்றவர்களில் ஒருவர் எங்கள் வளவுக்காரர், எனக்கு முறைக்கு மாமா. சாயங்காலம் இருபது பேரோடு வந்து தார்சாவில் உட்கார்ந்தார்.

மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "மாமா, எங்க பள்ளிக்கூடத்துல பையனுவ கையில கயிறு கட்டிட்டு வாரானுவ. தெருவுக்கு ஒரு கலர். கயித்தப் பாத்துத்தான் பெஞ்சுல பக்கத்துல உக்காருதானுவ. நீங்க தலைவரானா இதுக்கு என்ன பண்ணுவிய?"

"அது சாமி கயிறுல்லா தாயி. கோயில் கொடைக்குக் கட்டினதா இருக்கும்."

"கொடை முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சே மாமா. நைஞ்சு போனா புதுசு வாங்கிக் கட்டுதானுவளே."

கூட வந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கக் கையை நீட்டினார், முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலே ஏறியது. மணிக்கட்டில் அதே ரெண்டு கலர், முறுக்கிக் கட்டியிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சட்டைக்கையை இழுத்து விட்டுக்கொண்டு மோரை ஒரே மடக்கில் குடித்தார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு தாயி" என்றார். இல்லை, சரியாகத்தான் போட்டிருந்தேன்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் மாமனாரிடம் எனக்கு நல்ல ஏச்சு. ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு அதே மாமா தனியாகத் திரும்பி வந்தார். உள்ளே வரவில்லை, நடையிலேயே நின்றார். "நீ கேட்டது நியாயந்தான். நான் இத அவுத்தா எந்தெருவுல அம்பது ஓட்டு போயிரும். அடுத்த தெருவுல அஞ்சு ஓட்டு கூடாது. நீயே கணக்குப் போட்டுப் பாரு." நான் கணக்கு டீச்சர். போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

ரோஸ் சீட்டில் அவருக்கே குத்தினேன். எதிர்த்து நின்றவர் ரெண்டு கையிலும் கட்டியிருந்தார்.

ஜெயித்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ பையனை, அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கச்சியையும் சேர்த்து. அதற்குப் பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்கூடத்தில் கூடாது என்று பரிந்துரைத்தது. ஸ்டாஃப் ரூமில் அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அந்த முழுக்கைச் சட்டைதான் கண்ணுக்குள் வந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா? மைக்கில் பேசியது வேண்டாம், நேருக்கு நேர் கேட்டுக் கிடைத்த பதிலைச் சொல்லுங்கள்.

அம்பை வயக்காரன்:

டீச்சர், பஞ்சாயத்துத் தலைவருக்கும் பய கையில கிடக்க கயித்துக்கும் என்ன சம்பந்தம்? குடிதண்ணி, தெருவிளக்கு, மடை அடைச்சுக் கிடக்கு, அதக் கேளுங்க. சாதியப் பத்திக் கேட்டா அவன் பொய்தான் சொல்லுவான். மடையப் பத்திக் கேட்டாலும் பொய்தான் சொல்லுவான், ஆனா மழை விழுந்தா அது தெரிஞ்சிரும்.

களக்காட்டுத் தம்பி:

அண்ணாச்சி, எங்க தெருவுக்கு ஒரு சுடுகாட்டுப் பாதை உண்டு. அது ரோட்டுக் கணக்கா, சாதிக் கணக்கா? பெரிய தெரு வழியா போனா அஞ்சு நிமிஷம். அந்த வழியா விட மாட்டாங்க. வாழைத்தோட்டத்து வரப்புல தூக்கிட்டுப் போவோம். ஐப்பசி கார்த்திகையில செத்தா தூக்குறவங்களுக்கு முட்டளவு சேறு.

எங்க கிட்ட ஓட்டுக் கேட்டு வந்தவர்ட்ட நான் இதைத்தான் கேட்டேன். எங்க திண்ணையிலதான் உக்காந்தார், அதையும் சொல்லணும். அதுக்கு முன்னால வந்தவங்க நின்னுட்டே கும்பிட்டுப் போயிருக்காங்க. அம்மா காப்பி போட எந்திரிச்சாங்க. "வேண்டாம்மா, சுகர்" அப்படின்னார். தண்ணி? "இப்பத்தான் குடிச்சேன்." பெறவு என்ன நெனச்சாரோ, "கலர் இருந்தா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்க" அப்படின்னார். கடையில போய் வாங்கியாந்தேன். மூடியை அவரே திருகித் திறந்து முழு பாட்டிலும் குடிச்சார். சுகர்காரர்.

பாதைக்கு என்ன சொன்னார்னு கேக்கீங்களா? "காலனி மக்களுக்கு நான் தனிப் பாதை போட்டுத் தருவேன்." நான் சொன்னேன், அண்ணே, தனிப் பாதை இப்பவே இருக்கு, எங்களுக்கு வேண்டியது பொதுப் பாதை. அவர் பக்கத்துல இருந்தவர் நோட்டுல எழுதிக்கிட்டார். என்ன எழுதினார்னு எட்டிப் பாத்தேன். "பாதை" அப்படின்னு மட்டும் இருந்துச்சு.

'காலனி'ங்கிற சொல்லை அரசு ஆவணத்துல இருந்து எடுக்கப் போறதா 2025 ஏப்ரல்ல முதலமைச்சர் சட்டசபையில அறிவிச்சார். நல்லது. எங்க தெருவுக்குப் பேர் உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட ஒரு வேட்பாளருக்கும் இதுவரைக்கும் வாய் வரல.

பாளை, ஓய்வு பெற்ற கண்டக்டர்:

பேரைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்லுதேன். நான் கட்டபொம்மன் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன். அப்ப ஒவ்வொரு போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு தலைவர் பேரு. விருதுநகர்ல புதுசா ஆரம்பிச்ச கழகத்துக்கு, கட்டபொம்மனோட தளபதி, பட்டியல் சாதிக்காரர் வீரன் சுந்தரலிங்கம் பேரு வைக்கவும் சாதிக் கலவரத்துல தென்மாவட்டமே பத்திக்கிட்டு. எந்த ஊர் விலக்குல கல்லு விழும்னு டிரைவருக்கும் எனக்கும் மனப்பாடம், சன்னல் ஓரம் பிள்ளையள உக்கார விட மாட்டேன். 1997 ஜூலையில அரசாங்கம் கழகம், மாவட்டம் எல்லாத்துலயும் தலைவர் பேரை எடுத்துட்டு. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் மறுபடி திருநெல்வேலி மாவட்டம் ஆச்சு. பெயிண்ட் அடிச்சு அழிச்சும் வெயில்ல பழைய எழுத்து மங்கலாத் தெரியும்.

என் அனுபவம் 2022 பிப்ரவரி, மாநகராட்சித் தேர்தல். கவுன்சிலருக்கு நின்ன பையன், நல்லாப் படிச்சவன், என் மகன் வயசு. "தம்பி, ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேணுமா வேண்டாமா, உன் கருத்து என்ன?" அப்படின்னேன். "ஐயா, அது சட்டசபை வேலை. நான் சாக்கடைக்கு வந்திருக்கேன்" அப்படின்னான். நேர்மையான பதில், மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். கவுன்சிலர் சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் நம்ம வாய் சும்மா இருக்காதே. "சரி, ரெண்டு சாதிப் பிள்ளைய ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிட்டு வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டினா? திறப்பியா?"

பய பதில் சொல்லல. திரும்பிப் பின்னால நின்ன ஆளுவளப் பாத்தான். நான் அவன் கண்ணு போன வரிசையைத்தான் கவனிச்சேன்: முதல்ல கட்சிக்காரர், அடுத்தாப்புல அவன் சித்தப்பா. பெறவு "போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன் ஐயா" அப்படின்னான்.

2025 ஜூலையில கேடிசி நகர்ல ஒரு ஐடி வேலைக்காரப் பையனைப் பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்களே, அன்னைக்கு ராத்திரி எனக்கு அந்தப் பதில்தான் காதுல கேட்டுது. அந்த வருஷம் அக்டோபர்ல தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை கொடுக்க நீதிபதி பாஷா தலைமையில ஆணையம்னு அறிவிச்சாங்க. அந்தப் பையன் இப்பவும் கும்பிட்டுத்தான் போவான். நானும் அந்தப் பேச்சை எடுக்கல.

முக்கூடல் பக்கத்துப் பீடிக்காரி:

எங்க ஊரு பெண்களுக்கு ஒதுக்கின ஊரு. நின்னது ஒரு அக்கா, பேசினது பூரா அவிய வீட்டுக்காரர். நோட்டீஸ்லயும் அவர் படந்தான் பெருசு.

வாசல்ல சொளவை மடியில வச்சுப் பீடி சுத்திட்டு இருந்தேன். அவர் வழக்கம்போல ரோடு, லைட்டுன்னு ஒப்பிச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாரு. அக்கா போகல. அவியளும் பீடிக்காரிதான், கடைக்குக் கட்டுக் கொண்டு வரையில பாத்திருக்கேன். பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து ஒரு இலையை எடுத்தாவ, தூளு வச்சாவ, உருட்டினாவ, நூலு போட்டாவ. கண்ணு எங்கேயோ, கை தன்னால போவுது. நான் மூணு சுத்தையில அவிய நாலு சுத்திட்டாவ.

எந்தெருவுல அப்பத்தான் ஒரு புள்ள வேத்தாளு பையனோட போயி, ஊரே கொதிச்சிட்டு கிடந்துது. "அக்கா, நீங்க தலைவரா வந்தா அந்தப் புள்ளைய ஊருக்குள்ள விடுவியளா?" அப்படின்னு கேட்டேன். அக்கா நிமிந்தே பாக்கல. "எம்மவ போயிருந்தா நானே தாலி வாங்கிக் குடுத்திருப்பேன். அவிய்ட்ட சொல்லிராத." நூலைப் பல்லுல கடிச்சு அத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ.

ஜெயிச்சாவ. ஆனா கூட்டத்துல இப்பவும் அவர்தான் பேசுதாரு. நான் யாருக்கும் சொல்லல, இங்கதான் மொத மொதல்ல.

அம்பை வயக்காரன்:

அந்த அக்காவ வெளிய பேச விட்டிருந்தா நான் மடையப் பத்திக் கேட்டிருக்க மாட்டேன். களக்காட்டுத் தம்பி, பாதை வந்துச்சா?

களக்காட்டுத் தம்பி:

பாதி வந்துச்சு அண்ணாச்சி. பெரிய தெரு ஆரம்பிக்கிற வரைக்கும் சிமெண்டு. அதுக்கு மேல வரப்புதான்.

நாங்குநேரிப் பக்கத்து டீச்சர்:

எங்கள் மாமாவின் 5 வருஷம் 2026 அக்டோபரில் முடிகிறது. போன வாரம் ரேஷன் கடை வாசலில் பார்த்தேன். அரைக்கைச் சட்டை. என் கண் நேராக மணிக்கட்டுக்குப் போய்விட்டது, பழக்கதோஷம். கயிறு இல்லை. கட்டியிருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்து, வளையம்போல் ஒரு கோடு.

"என்ன தாயி பாக்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா."

அவுத்ததா, அறுந்ததா, கேட்கவில்லை. பின்னால் வரிசையில் அவர் தெரு ஆள் நாலு பேர் நின்றார்கள்.