பாலிஅனிலின் படலம்: அம்மோனியாவை நிறுத்திய பிறகும் மின்தடை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை

கேள்வி – முதுகலை வேதியியல் மாணவி

வணக்கம். திட்டப்பணிக்காக அம்மோனியா உணரி ஒன்றைச் செய்து வருகிறேன். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அனிலினைக் கரைத்து, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து அம்மோனியம் பெர்சல்பேட்டால் பாலிமராக்கினேன். கிடைத்த பச்சைத் தூளை (மின்சாரம் கடத்தும் பாலிமரான பாலிஅனிலின்) கழுவி, நீரில் கலக்கி, சீப்புப் பற்கள் கோத்தாற்போல் தாமிரத் தடங்கள் உள்ள சர்க்யூட் அட்டையின்மேல் சொட்டுகளாக விட்டு உலர்த்தினேன். நைட்ரஜனில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவுக்கு நீர்த்த அம்மோனியாவைச் செலுத்தினால் மின்தடை நன்றாக ஏறுகிறது. ஆனால் வாயுவை நிறுத்தி அறைக்காற்றைவிட்டால் முழுவதும் இறங்குவதில்லை. ஐந்தாவது சுற்றில் மாற்றமும் முதல் சுற்றில் பாதிதான். குறை பாலிமரிலா, என் அளவீட்டிலா?

பதில் 1

இரண்டிலும் இருக்கலாம். பாலிஅனிலினின் மின்கடத்தும் வடிவமான பச்சை நிற எமரால்டின் உப்பில் மின்னோட்டம் செல்வதற்குக் காரணம், அமிலம் தந்த புரோட்டான்கள் பாலிமர்ச் சங்கிலியில் இருப்பதுதான். அம்மோனியா அவற்றைப் பிடுங்கி அம்மோனியம் அயனியாகும்போது, சங்கிலி நீல நிறக் காரவடிவத்தை நோக்கி நகர்ந்து மின்தடை ஏறுகிறது. வாயு விலகினால் இந்த வினை திரும்ப வேண்டும். ஆனால் உங்கள் படலத்தில் எதிரயனி (சங்கிலியின் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்யும் அயனி) குளோரைடு என்பதால், உருவாகும் அம்மோனியம் குளோரைடில் ஒரு பகுதி அறை வெப்பநிலையில் அங்கேயே தங்கிவிடும். போதாக்குறைக்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் படலத்திலிருந்து மெல்ல ஆவியாகும். எளிதில் ஆவியாகாத கேம்பர் சல்ஃபோனிக் அமிலத்தையோ டோடெசைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலத்தையோ பயன்படுத்திப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வெற்றுச் சோதனை வேண்டும். சிலிண்டர் நைட்ரஜன் உலர்ந்தது, அறைக்காற்றோ ஈரமானது. ஈரம் குறைந்தாலே பாலிஅனிலினின் மின்தடை ஏறும். அம்மோனியா இல்லாமல் வெறும் நைட்ரஜனை அதே வேகத்தில், அதே நேரம் செலுத்தி என்ன ஏற்றம் வருகிறது என்று பாருங்கள். நீங்கள் அம்மோனியாவின் கணக்கில் எழுதியதில் ஒரு பங்கு ஈரப்பதத்தின் கணக்காக இருக்கக்கூடும்.

பதில் 2

எனக்கு முதலில் உறுத்தியது தாமிரம். சர்க்யூட் அட்டைகளில் தாமிரத்தை அரித்தெடுக்கப் பயன்படும் பொருள்களில் அம்மோனியம் பெர்சல்பேட்டும் ஒன்று. தூளை அரைகுறையாகக் கழுவியிருந்தால் மிச்சம் உங்கள் தடங்களைத் தின்னும். படலத்தின் அமிலமும், ஈரத்தோடு வரும் அம்மோனியாவும் சும்மா இருக்கமாட்டா. தொடுமுனை அரிக்கப்பட்டாலும் மின்தடை ஏறத்தான் செய்யும், மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தங்க மின்முனைக்கு மாறுங்கள். மாறியபின், சோர்ந்துபோன படலத்தைச் சில நிமிடம் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் காட்டுங்கள் (புகைக்கூண்டுக்குள், தாமிரம் அருகில் இல்லாமல்). பச்சை நிறமும் பழைய மின்தடையும் திரும்பினால் பாலிமர் நலமாக இருக்கிறது, போனது அமிலம் மட்டும்தான் என்று முடிவு செய்யலாம். இன்னொன்று, சொட்டுவிட்ட படலம் தடிமனாகவும் ஒழுங்கின்றியும் இருக்கும்; வாயு உள்ளே ஊடுருவவும் வெளியேறவும் நேரம் பிடிக்கும். பாலிமராகும் கரைசலிலேயே மின்முனையைத் தொங்கவிட்டால் மெல்லிய, சீரான படலம் தானாகவே படியும். தங்கத்தில்தான் அப்படிச் செய்ய முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று வெறும் நைட்ரஜனைச் செலுத்தினேன். முன்பு கிடைத்த ஏற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிட்டது. படலத்தைச் சுரண்டிப் பார்த்ததில் தாமிரத்தின் ஓரங்களில் பச்சை கலந்த நீலக்கறை. தங்க முலாம் பூசிய அட்டைக்குச் சொல்லியிருக்கிறேன். ஈரத்தை நிலையாக வைக்க, அம்மோனியா வரும் குழாயையே நீர்க்குடுவை வழியாக விடலாமா?

பதில் 1

கூடவே கூடாது. அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும். குடுவை அதை விழுங்கிவிடும், படலத்துக்கு என்ன செறிவு சேர்கிறது என்று உங்களுக்கே தெரியாமற்போகும். நைட்ரஜனை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை மட்டும் நீர் வழியாக அனுப்பி, படலம் இருக்கும் சோதனைக் கலத்துக்குச் சற்று முன்னால் அம்மோனியாக் கிளையோடு சேருங்கள். மீட்சியின்போதும் அறைக்காற்றை விடாமல் அதே ஈர நைட்ரஜனையே செலுத்துங்கள். குழாய் டெஃப்லானாக இருக்கட்டும். ரப்பர் குழாய் அம்மோனியாவை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும், அதையும் படலத்தின் குற்றம் என்று எழுத நேரிடும்.