கோவை வேளாண் பல்கலை எம்.எஸ்சி: துறையைப் பார்ப்பதா, ஆராய்ச்சி நிலையத்தைப் பார்ப்பதா?

பச்சைவயல் (கேள்வி):
வணக்கம். பி.எஸ்சி. விவசாயம் முடிக்கப் போகிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர விருப்பம். பயிர் இனப்பெருக்கமா, மண்ணியலா என்று முடிவாகவில்லை. துறைப் பட்டியலில் எல்லாமே இருக்கிறது. ஆனால் எந்த வேலை எங்கே நடக்கிறது என்பது அதைப் பார்த்தால் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்குள் ஒரு புது நெல் ரகம் உருவாவதில் பங்கெடுக்க முடியுமா? கரும்பு, கால்நடைக்கும் அங்கேயே சேரலாமா?

நன்செய்:
நண்பரே, முழு ரகம் முடியாது. அதில் ஒரு துண்டு முடியும். இரண்டு ரகங்களை ஒட்டுக் கட்டியதும் (ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்ப்பது) வருவது முதல் தலைமுறை. இரண்டாம் தலைமுறையில் செடிகள் பலவிதமாகப் பிரியும்; நல்ல தனிச்செடிகளைப் பொறுக்கி, ஆறு ஏழு தலைமுறை வரை நிலைப்படுத்த வேண்டும். பிறகு நிலையத்துக்குள் விளைச்சல் ஒப்பீடு, அடுத்து பல நிலையங்களில் எம்.எல்.டி. எனும் பல இடச் சோதனை, அதன் பின் உழவர் வயல்களில் ஏ.ஆர்.டி. எனும் தகவமைப்புச் சோதனை, கடைசியில் மாநில ரக வெளியீட்டுக் குழு. ஏறக்குறைய பத்து வருட வேலை.

எம்.எஸ்சி. மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாலு தாய், மூன்று தந்தை ரகங்களை ஒட்டி, வரும் 12 கலப்புகளை மதிப்பிடுவது. அல்லது ஏற்கெனவே இருக்கும் இரண்டாம், மூன்றாம் தலைமுறையை அளப்பது. ஒட்டுக் கட்டும் வேலையில் முதலில் சறுக்குவது பூக்கும் காலம். நெல் ரகங்களில் கோ 51-இன் வயது ஏறத்தாழ 105–110 நாள், சி.ஆர். 1009-இன் வயது ஏறத்தாழ 155–160 நாள். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் இரண்டும் சேர்ந்து பூக்காது. நீண்ட வயதுள்ளதை முதலில் விதைத்து, 40 நாள் கழித்து குறுகிய வயதுள்ளதைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவையாக விதையுங்கள். ஏதாவது ஒன்று பொருந்திவிடும்.

மாலையில், மறுநாள் பூக்கப் போகும் பூக்களின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டுக் காகித உறை போட வேண்டும். மறுநாள் காலை பூ விரியும் நேரத்தில் மகரந்தம் தூவ வேண்டும். ஒரு பை தங்கினாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடித்துவிடும், அது ஒட்டு இல்லை. அதனால் முதல் தலைமுறைச் செடிகளைப் பெற்றோரோடு பக்கத்துப் பக்கத்து வரிசையில் நட்டு ஒப்பிடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

கரிசல்:
கரும்பு பற்றி: கோவையில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் மத்திய அரசின் ஐ.சி.ஏ.ஆரை (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) சேர்ந்தது, இந்தப் பல்கலை அல்ல. கால்நடை 1989-லேயே தனிப் பல்கலையாகப் பிரிந்துவிட்டது. மீன்வளமும் தனி.

இந்தப் பல்கலையின் உண்மையான விரிவு கோவை வளாகத்துக்கு வெளியேதான். ஆடுதுறையில் நெல், வம்பனில் பயறு, ஆழியாறில் தென்னை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி, ஊட்டியில் குளிர்பிரதேசக் காய்கள், மேட்டுப்பாளையத்தில் வனமும் பட்டுப்புழுவும். துறையின் பெயரைவிட, எந்தப் பயிர், எந்த மண், எந்தப் பருவம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். உளுந்தில் மஞ்சள் தேமல் நோய்க்கான எதிர்ப்பைச் சோதிக்க வேண்டுமென்றால், அதைப் பரப்பும் வெள்ளை ஈ பெருகும் கோடையில் விதைக்க வேண்டும். சில வரிசைக்கு ஒரு வரிசை கோ 5 போல எளிதில் நோய் வாங்கும் ரகமும் வேண்டும். ஈ குறைந்த பருவத்தில் விதைத்தால் எல்லாச் செடியும் பச்சையாக நிற்கும். எதிர்ப்புச் சக்தி என்று தவறாக எழுதிவிடுவீர்கள். டெல்டாவில் வேலை என்றால் மேட்டூர் திறப்பு எல்லாவற்றையும் தள்ளும். ஜூன் 12-க்குத் தண்ணீர் வராவிட்டால் போர்வெல் இருக்கிறதா என்று நிலையத்தில் முன்பே கேளுங்கள். தென்னை, மா போன்ற நெடுநாள் பயிரில் இனப்பெருக்கத் தலைப்பு எடுத்தால் படிப்பு முடியும்வரை காய் வராது. நாற்றங்கால், உரம், நோய் பற்றிய தலைப்பு எடுங்கள்.

பச்சைவயல்:
மிக்க நன்றி. மண்ணியல் பக்கம் மனசு போகிறது. அதில் இங்கே தனித்துவமாக என்ன உண்டு?

கரிசல்:
நிரந்தர எருச் சோதனை. கோவையில் 1909 முதல் நடந்து வருகிறது. ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழுவுரம் மட்டும், இன்னொன்றுக்கு எதுவுமே இல்லை. நூறு வருடத்துக்கு மேல் அதே பாத்தியில் அதே எரு. மண் கரிமம், நுண்ணுயிர், நுண்ணூட்டம் என்று என்ன கேள்வி எடுத்தாலும் இதுபோன்ற மண் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. களர் நிலம் வேண்டுமென்றால் திருச்சி கல்லூரி, டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான்.

நன்செய்:
வயல் சோதனை வைப்பதானால் ஓ.ஆர்.டபிள்யூ. (ஆராய்ச்சித் திட்ட வரைவு) எழுதும்போதே கணக்குப் பாருங்கள். ஆர்.பி.டி. எனும் சமவாய்ப்புத் தொகுதி அமைப்பில் பிழைக்கான சுதந்திரப் பாகை, அதாவது (அளவுகள் − 1) × (ரெப்ளிகேஷன், அதாவது மறுமுறைகள் − 1), 12-க்குக் குறையக் கூடாது. ஏழு உர அளவு, மூன்று ரெப்ளிகேஷன் என்றால் சரியாக 12. ஐந்து அளவுதான் என்றால் மூன்று ரெப்ளிகேஷன் 8-தான் தரும், நாலு வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நட்டுவிட்டு, அறுவடைக்குப் பின் வித்தியாசம் தெரியவில்லை என்று திணறுவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. 5×4 மீட்டர் பாத்தி போதும். ஓர வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே அறுத்து எடை போடுங்கள். உர அளவு மாறும் பாத்திகளுக்கு இடையே இரட்டை வரப்பும் நடுவில் வாய்க்காலும் வேண்டும். ஒற்றை வரப்பு என்றால் தழைச்சத்து தண்ணீரோடு பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும்.

மண் மாதிரியை அடியுரத்துக்கு முன்பே எடுங்கள்: ஆங்கில வி வடிவக் குழி, 15 செ.மீ. ஆழம், வரப்பு, மரநிழல், எருக்குவியல் பக்கம் வேண்டாம். நிழலில் உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள், கரிமத்துக்கு மட்டும் இன்னும் நைசாக. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே நுண்ணுயிர் வேலை செய்து தழைச்சத்து அளவு மாறிவிடும்.