திவேஹி–யொரூபா பெயர்ப்பில் நடுவே நிற்கும் மொழிக்குக் கலைச்சொல்: ‘கடவுமொழி’

அன்புள்ள நண்பர்களுக்கு,

மூலமொழி, இலக்குமொழி என்னும் சொற்கள் தமிழில் நிலைபெற்றுவிட்டன. மொழிபெயர்ப்பில் அவ்விரண்டுக்கும் நடுவே நின்று வாக்கியத்தைக் கைமாற்றிவிடும் மூன்றாம் மொழியை (ஆங்கிலத்தில் ‘பிவட்’ மொழி; பிவட் என்றால் சுழல் அச்சு) ‘இணைப்புமொழி’ என்றே அழைக்கலாம் என்று இவ்விழையில் முன்மொழியப்பட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. அரசியல் வாடை ஒருபுறம் இருக்கட்டும். இணைப்புமொழி என்பது பேசும் இருவரும் அறிந்த மொழி. நாம் பெயரிட முயல்வதோ அவ்விருவரில் ஒருவருக்கும் தெரியாமலே இருக்கக்கூடிய மொழி.

மாலத்தீவின் திவேஹியையும் நைஜீரியத் தென்மேற்கின் யொரூபாவையும் எடுத்துக்கொள்வோம். கூகுள் மொழிபெயர்ப்பில் யொரூபா 2013-இலும் திவேஹி 2022-இலும் சேர்க்கப்பட்டன. இவற்றுக்கிடையே நேர் இணையான வாக்கியத் தொகுப்பு கிடைப்பது மிக அரிது என்பதால், இத்தகைய இணைகளில் ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்பதே வழக்கமாக இருந்துவருகிறது. வேலை செய்துகொண்டிருப்பவரைக் கண்டால் யொரூபாவினர் ‘எ கூ இஷெ’ என்பார்கள். அது வெறும் முகமன். நைஜீரிய ஆங்கிலத்தில் அதன் இடத்தில் வழங்கும் ‘வெல் டன்’ என்னும் தொடரைத் திவேஹிக்குக் கொண்டுசென்றால், மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இருப்பவருக்குக் கிடைப்பது பாராட்டு. இன்னும் முடிக்காத வேலைக்குப் பாராட்டு வந்தால் அவர் அதைக் கிண்டல் என்றுகூட எண்ணலாம்.

படர்க்கைப் பெயர்களில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. திவேஹியின் ‘எய்னா’, யொரூபாவின் ‘ஓ’ ஆகிய இரண்டுமே ஆண், பெண் வேறுபாடு காட்டாதவை. ஆங்கிலம் இடையில் ஒரு பாலைச் சேர்க்கிறது, யொரூபா அதை உதிர்த்துவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் சேதம் இல்லை. மரியாதையின் கதை வேறு. பெரியவர் ஒருவரைப் பற்றித் திவேஹியின் உயர்நிலை வினைவடிவத்தில் சொன்னது ஆங்கிலத்தில் வெறும் ‘ஹி’ ஆகிவிட்டால், யொரூபாவில் ‘வோன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஓ’ வந்து நிற்கும். ‘அவர்’ என்பதை ‘அவன்’ ஆக்கினால் நமக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இழப்பு நிகழும் இந்த இடத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘அச்சுமொழி’ என்றால் அச்சிடப்பட்ட மொழி என்றே படிப்பார்கள். ‘இடைமொழி’ மொழி கற்பவரின் அரைகுறை நிலையைக் குறிக்க ஏற்கெனவே ஆளப்படுகிறது. ‘பாலமொழி’ அழகாக இருந்தாலும், ஏறியது அப்படியே மறுகரை சேரும் என்ற பொய்யான உறுதியைத் தருகிறது. எனவே ‘கடவுமொழி’ என்பதை முன்வைக்கிறேன். கடவு என்பது வழி. கடவுச்சீட்டு நமக்குப் பழகிய சொல். கடவுவழிப் பெயர்ப்பு, நேர்ப்பெயர்ப்பு என்று எதிரிணைகளும் எளிதில் அமைகின்றன. அவசரத்தில் ‘கடவுள்மொழி’ என்று படித்துவிடுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கடவுச்சொல்லை எவரும் அப்படிப் படிப்பதில்லை.

ஒரு வரம்பையும் இப்போதே குறித்துவிடலாம். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டியதைப்போல், பயிற்சியில் காணாத இணையையும் பல மொழிகளில் பயின்ற ஒரே கணினி மாதிரி (மாடல்) நேரடியாகப் பெயர்க்கும்போது, அதன் உள்ளே எண்களின் வடிவில் உருவாகும் பொருண்மையைக் கடவுமொழி என்று சொல்லக்கூடாது. அது எவரும் பேசும் மொழியன்று. அதற்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.