கழுத்துக் கட்டி: ஊசி ரிப்போர்ட்டில் ‘மெடுல்லரி சந்தேகம்’, நேரே ஆபரேஷனா?

ஏற்காடு மகள்:
அம்மாவுக்கு 52 வயது. முன்கழுத்தில், தைராய்டு சுரப்பியில், வலது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, எச்சில் விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும். போன வாரம் மலையிறங்கி சேலத்தில் எஃப்.என்.ஏ.சி. (ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தோம். பெதஸ்டா 5 (புற்றுநோய் சந்தேகப் பிரிவு), மெடுல்லரி கார்சினோமா (தைராய்டு புற்றுநோயில் ஒரு வகை) சந்தேகம், ரத்தத்தில் கால்சிடோனின் பார்க்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். தைராய்டுக்கு எடுக்கும் ரத்த டெஸ்ட் டி.எஸ்.எச். நார்மல், அப்புறம் எப்படி? ஊசி குத்தினால் பரவிவிடும் என்று சித்தி வேறு பயமுறுத்துகிறார். உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா?

ஸ்லைடு பார்ப்பவர்:
அவசரப்பட்டு தேதி வாங்காதீர்கள் சகோதரி. நான் சேலத்தில் பேத்தாலஜியில் இருக்கிறேன். ஊசித் தடத்தில் பரவுவது மிக மிக அரிது, அந்தப் பயத்தை விடுங்கள். தைராய்டு ஹார்மோன் சுரக்கும் செல் வேறு, மெடுல்லரி கிளம்புகிற சி செல் வேறு, அதனால்தான் டி.எஸ்.எச். நார்மலாக இருக்கிறது. ஸ்லைடில் இந்தச் செல்கள் ஒட்டாமல் உதிரியாகக் கிடக்கும், சில உருண்டை, சில கதிர் மாதிரி நீளம், உட்கரு உப்பும் மிளகும் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும், நடுவே கட்டி கட்டியாக அமிலாய்டு என்ற புரதப் படிவு. அதைத் தைராய்டில் சாதாரணமாக இருக்கும் கூழ் போன்ற கொலாய்டு என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. காங்கோ ரெட் சாயம் போட்டு போலரைஸ்டு ஒளியில் பார்த்தால் அமிலாய்டு பச்சையாக மின்னும். ஹயலினைசிங் டிராபெகுலர் என்று அரிதான கட்டி ஒன்று, பெரும்பாலும் சாதுவானது, அதுவும் ஊசியில் மெடுல்லரி மாதிரியோ பாப்பிலரி என்ற இன்னொரு தைராய்டு புற்று மாதிரியோ தெரிந்து ஏமாற்றும். அதற்குத்தான் சி செல் சுரக்கும் கால்சிடோனின் ஹார்மோனைப் பார்க்கக் கேட்கிறோம், ரத்தத்தில் அது எகிறியிருந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

அஸ்தம்பட்டிக்காரன்:
எங்கள் அப்பாவுக்கும் இதேதான். ஆபரேஷனுக்கு முன்னால் மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் (அட்ரினல் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது) எடுக்கச் சொன்னார்கள். சிலருக்கு இதனுடன் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்குமாம், அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் பி.பி. தாறுமாறாக ஏறிவிடும். அப்புறம் ரெட் (RET) என்ற ஜீனுக்கு டெஸ்ட். நாலில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருவது. அப்பாவுக்கு ஜீனில் மாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் மூன்று பிள்ளைகளும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். அட்ரினல் கட்டி இருந்தால் வரும் படபடப்பு, தலைவலி அம்மாவுக்கு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்காடு மகள்:
இப்போதுதான் கேட்டேன் அண்ணா. திடீர் திடீரென்று படபடப்பும் வியர்வையும் வருமாம், வயதுக் கோளாறு என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்லைடு பார்ப்பவர்:
இதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். லேபில் ரிப்போர்ட்டோடு ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, உடையாமல் கையில் கொண்டுபோங்கள்.