வடக்குத்தெரு வீடு குழு: நிலாவோட பேச்சு

அகிலா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை நிலாவுக்குத் தமிழ்ப்பள்ளியில பேச்சுப்போட்டி. "தடை தாண்டிய பெண்". அஞ்சு நிமிஷம். ஜப்பான் பேஸ்பால் வீராங்கனை எரி யோஷிடாவைப் பத்தித்தான் பேசுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சந்துரு அண்ணா, நீங்கதான் பாத்துக் குடுக்கணும்

பெரியப்பா: *ஃபார்வர்டு செய்யப்பட்டது*
160 கி.மீ. வேகத்தில் பந்து வீசி ஆண்களை நடுங்க வைத்த ஜப்பான் சிறுமி!! அனைவருக்கும் பகிரவும்

தீபா: 🙏🙏

சேது: வாழ்த்துகள் நிலா

சந்துரு: பெரியப்பா, 160 இல்ல, அதுல பாதி. யோஷிடா வீசுறது நக்கிள்பால், அதாவது அதிகம் சுத்தாம காத்துல ஆடி ஆடி வர்ற மெதுவான பந்து. அது மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். நிலா மேடையில 160னு சொல்லிட்டா விஷயமே தலைகீழாயிடும். உயரம் 155 செ.மீ., ஆம்பளைங்க 140 கி.மீ. வேகத்துக்கு மேல வீசுற இடம். வேகத்துல மோத வழியே இல்ல. அதனாலதான் நக்கிள்பாலைப் பிடிச்சாங்க. அமெரிக்காவுல பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியோட பிட்சர் (பந்து வீசுறவர்) டிம் வேக்ஃபீல்டு 105ஐ ஒட்டின வேகத்துல வீசியே 200 ஆட்டம் ஜெயிச்சவர். அவரோட வீடியோவைப் பாத்துப் பழகினதுதான் ஆரம்பம்.

பெரியப்பா: சரிப்பா. வந்ததை அனுப்பினேன்

அம்மா: 🎤 0:41

அகிலா: அம்மா கேக்குறாங்க, எரின்னு ஒரு பேரான்னு. மேடையில சொன்னா பிள்ளைங்க சிரிக்குமாம்

தீபா: யோஷிடான்னே சொல்லட்டும்

கார்த்தி: நக்கிள்பால்னா ஜாகீர் கான் 2011 உலகக்கோப்பையில போட்டாரே, அதா?

சந்துரு: அதோட அண்ணன். கிரிக்கெட்டுல பந்து தரையில பட்டு வரும், வேகத்தைக் குறைச்சு ஏமாத்தத்தான் அது. பேஸ்பால்ல காத்துலயே ஆடணும்.

சேது: சதாபிஷேகத்துக்கு சமையல்காரர் அட்வான்ஸ் கேக்குறார். யாராவது பதில் சொல்லுங்க

அகிலா: சேது அண்ணா, ராத்திரி பேசுவோம். இதான் நிலா எழுதினது: "உலகிலேயே முதன்முதலில் ஆண்களோடு தொழில்முறை பேஸ்பால் ஆடிய பெண் எரி யோஷிடா"

சந்துரு: அது தப்பு. அந்த வரியை எடுத்துடு. அமெரிக்காவுல டோனி ஸ்டோன்ங்கிற பெண் 1953லயே கறுப்பின லீக் அணியான இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ்ல ரெண்டாம் பேஸ் காக்கிற இடத்துல ஆடியாச்சு. ஐலா போர்டர்ஸ் 1997ல செயின்ட் பால் செயின்ட்ஸ் அணிக்குப் பந்து வீசினாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி 1952லயே, மைனர் லீக் (பெரிய லீக்குக்கு அடுத்த நிலை) அணிகள் பெண்களை ஒப்பந்தம் பண்ணவே கூடாதுன்னு தடை போட்டாங்க. தலைப்பே "தடை"ங்கிறதால அதை ஒரு வரி சேக்கலாம். யோஷிடாவுக்கு "ஜப்பானில் ஆண்களின் தொழில்முறை அணியில் ஆடிய முதல் பெண்"னு போடணும். "ஆண்களின் அணியில்"ங்கிறதை விட்டுடாதே, ஜப்பான்ல 1950லயே பெண்களுக்குத் தனியா தொழில்முறை அணிகள் இருந்துச்சு.

தீபா: இவ்வளவும் அஞ்சு நிமிஷத்துலயா

சந்துரு: வேண்டாம். முதல் ஆட்டம் ஒண்ணை மட்டும் நிதானமா சொன்னாப் போதும். அதுலயே எல்லாம் இருக்கு.

1992ல யோகோஹாமாவுல பிறந்தவங்க. 2008 நவம்பர்ல கோபே 9 குரூஸ் அணி எடுத்தப்போ வயசு 16, பள்ளிக்கூடப் பொண்ணு. 2009 மார்ச் 27, ஒசாகா. கோபே 5-0 முன்னிலை, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ்ல பந்தைக் கையில குடுத்தாங்க. முதல் பேட்டருக்குப் போட்ட நாலுமே "பால்", அதாவது அடிக்கிற எல்லைக்கு வெளிய போன பந்து. நாலு பால் ஆனா பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், அவர் நடந்தே போயிட்டார். அடுத்து ரெண்டாம் பேஸைத் "திருடினார்", அதாவது பந்து வீசுறப்பவே ஓடிப் பிடிச்சுட்டார். அடுத்த பேட்டர் மட்டையைச் சுத்தியும் பந்து படாம ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட்). ரெண்டே பேர்தான், அதோட அவங்க வேலை முடிஞ்சுது.

மூணுக்கும் காரணம் அந்தப் பந்துதான். எந்தப் பக்கம் சாயும்னு வீசினவங்களுக்கே தெரியாது, அதான் நாலு பால். பேட்டர் நிக்கிற தட்டுக்கு வந்து சேர முக்கால் நொடி ஆகும், ஓடுறவனுக்கு அது போதும். அதே சாய்வுலதான் அடுத்தவர் மட்டையும் காத்தை அடிச்சுது.

கார்த்தி: செம

அகிலா: நிலா கேக்குறா, எப்படிப் பிடிக்கிறது? மேடையில பந்தை வச்சுக் காட்டணுமாம்

சந்துரு: நக்கிள்னா விரல் முட்டி, ஆனா முட்டியால பிடிக்கிறதில்ல, பேரை நம்பாதே. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நகத்தையும் லாடம் மாதிரி வளையிற தையலுக்குக் கொஞ்சம் பின்னாடி, தோல்ல ஊனணும். கட்டைவிரல் அடியில தாங்கும். உள்ளங்கை பந்துல படக்கூடாது. விடும்போது மணிக்கட்டை மடக்காம, கதவைத் தள்ளுற மாதிரி நேரா விடணும்.

பிட்சர்லேர்ந்து தட்டு வரைக்கும் 18.44 மீட்டர், அந்தத் தூரத்துக்குள்ள பந்து ஒரு சுத்து சுத்தலாம், போனா ஒன்றரை. அவ்வளவு மெதுவா திரும்பினாத்தான் மேடா இருக்கிற தையல் இடம் மாறிட்டே வரும், காத்து தள்ளுற பக்கமும் மாறும். நகம் நீளமா இருந்தா தோல்ல மாட்டிப் பந்து சுத்திடும். ஒட்ட வெட்டினா விரல்சதை பட்டு சுத்திடும். வேர்த்தாலும் வழுக்கும். சுத்திடுச்சுன்னா அது 80ல வர்ற சாதாப் பந்து, பேட்டருக்கு லட்டு. யோஷிடா பக்கவாட்டுல கையை வீசுறவங்க, அப்படி வீசினா பந்து தானாவே பக்கவாட்டுல சுத்தப் பாக்கும். அதை அடக்கினதுதான் எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

அம்மா: 🎤 0:18

அகிலா: நகம் வெட்டுறதா இருந்தா வெள்ளிக்கிழமை வேண்டாமாம்

தீபா: அதானே

பெரியப்பா: பிறகு அமெரிக்கா போனாளா அந்தப் பொண்ணு?

சந்துரு: போனாங்க பெரியப்பா. 2010 மார்ச்ல ஃபோர்ட் மையர்ஸ்ல வேக்ஃபீல்டே நேர்ல சொல்லிக் குடுத்தார். மே 29ல கலிஃபோர்னியாவுல சீகோ அவுட்லாஸ் அணிக்கு முதல் ஆட்டம். 3 இன்னிங்ஸ், 4 ரன் குடுத்தாங்க. ஆனா தானே மட்டை பிடிச்சு அடிச்சு ஒரு ரன் கொண்டுவந்தாங்க. அன்னிக்குப் போட்ட ஜெர்சியும் மட்டையும் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போச்சு. நிலா, அந்த 4 ரன்னையும் மறைக்காம சொல்லும்மா.

பெரியப்பா: வேக்ஃபீல்டு நல்லா இருக்காரா

சந்துரு: இல்ல. 2023 அக்டோபர்ல காலமாயிட்டார். 57தான்.

பெரியப்பா: அடடா 🙏

அகிலா: நக்கிள்பாலுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? ஆங்கிலச் சொல்லுக்கு மார்க் குறைப்பாங்க

கார்த்தி: முட்டிப்பந்து

தீபா: நகப்பந்து

சந்துரு: நகப்பந்து நல்லாருக்கு. பிடிக்கிற விதத்துக்கும் சரி.

பெரியப்பா: சுழலாப் பந்து

அகிலா: நிலா நகப்பந்துங்கிறா, அவங்க அப்பா சுழலாப் பந்துங்கிறார் 😄 பாப்போம். பந்தை மேடைக்குக் கொண்டுபோக விடுவாங்களான்னும் கேக்கணும்

சேது: சமையல்காரர் மூணாந்தடவை கூப்பிட்டாச்சு

சந்துரு: சேது அண்ணே, எவ்வளவு கேக்குறார்?

சேது: நீங்கள்லாம் முடிவு பண்ணிட்டு சொல்லுங்க. புதுமனை புகுவிழாவுக்கும் அப்படித்தானே நடந்துச்சு

தீபா: அண்ணா, அது பழசு

பெரியப்பா: சேது, ராத்திரி ஃபோன் பண்றேன்

அகிலா: சந்துரு அண்ணா, இன்னொண்ணு. நிலா நகம் விரலைத் தாண்டி அரிசி அளவு வளந்திருக்கு. இருக்கட்டுமா?

சந்துரு: அதுல பாதி போதும். அரத்தால தேய்க்கச் சொல்லு, நகவெட்டி வேண்டாம், ஓரம் பிளந்துடும்.